பழைய லாரியில் ஆம்மீட்டர்: எந்த ஒயர் எந்தப் பக்கம்?

செம்மண்சாலை:

அனைவருக்கும் வணக்கம். என்னிடம் இருப்பது 1951-ஆம் ஆண்டு ஷெவர்லே லாரி. 6 வோல்ட், நெகட்டிவ் எர்த் (பேட்டரியின் மைனஸ் முனை வண்டியின் உடலோடு இணைந்தது), டைனமோ, காலால் மிதித்து இயக்கும் செல்ஃப். இன்ஜினில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஒயரிங்தான் தலைவலி. எனக்கு முன்னால் வைத்திருந்த யாரோ, பேட்டரிக்குப் போகும், வரும் கரண்டைக் காட்டும் ஆம்மீட்டரைக் கழற்றிவிட்டு, அதற்கு வந்த இரண்டு தடித்த ஒயர்களையும் ஒரே போல்ட்டில் சேர்த்து முறுக்கி, மேலே டேப் சுற்றியிருக்கிறார். டேப்பைப் பிரித்துப் பார்த்தால், போல்ட்டுக்குப் பக்கத்தில் ஒயரின் உறை கருகிப் பிசினாக ஒட்டியிருக்கிறது.

இப்போது ஒரு பழைய ஆம்மீட்டர் கிடைத்திருக்கிறது. நடுவில் சைபர், இரண்டு பக்கமும் 30 வரை அளவு. பின்னால் ஒயர் மாட்ட இரண்டு பித்தளை ஸ்டட் (மரையுள்ள தண்டு). பிளஸ், மைனஸ் என்று எந்தக் குறியும் இல்லை. 12 வோல்ட் வண்டியிலிருந்து எடுத்தது என்று சொல்லிக் கொடுத்தார்கள். 6 வோல்ட்டில் இது சரியாகக் காட்டுமா? எந்த ஸ்டட்டில் எந்த ஒயர்? வண்டியின் மொத்தக் கரண்டும் இதற்குள் போகும் என்கிறார்கள். அப்படியானால் செல்ஃப் மோட்டாரின் கரண்டும் போகுமா? பிற்பாடு டைனமோவுக்குப் பதிலாக ஆல்டர்னேட்டர் மாட்டும் எண்ணமும் இருக்கிறது. அப்போது இந்த மீட்டர் தாங்குமா?

மீட்டருக்கு உயிர் இருக்கிறதா என்று பார்க்க, இரண்டு ஸ்டட்டிலிருந்தும் ஒயர் எடுத்துப் பேட்டரியின் இரு முனைகளிலும் ஒரு நொடி தொட்டுப் பார்க்கலாம் என்று இருக்கிறேன். முள் ஆடினால் போதும் அல்லவா?

நாலாவதுகியர்:

தொடாதீர்கள்! ஒரு நொடிகூட வேண்டாம். ஆம்மீட்டருக்குள் இருப்பது ஒரு பித்தளைப் பட்டை, அவ்வளவுதான். பேட்டரியின் இரு முனைகளுக்கு நடுவே அதை வைப்பதும் ஒரு ஸ்பேனரைக் குறுக்கே போடுவதும் ஒன்று. முள் ஆடுவதற்கு முன்னால் ஒயர் சிவந்துவிடும், கையும் போகும். மற்றக் கேள்விகளுக்கு கட்அவுட் ஐயா வருவார், அதுவரை மீட்டரை மேசைமேலேயே வைத்திருங்கள்.

கட்அவுட்:

வந்துவிட்டேன். நாலாவதுகியர் சொன்னதில் ஒரு எழுத்தையும் மாற்ற வேண்டியதில்லை.

தம்பி, மீட்டரைச் சோதிக்க ஆசையாக இருந்தால், ஒரு ஹெட்லைட் பல்ப்பைத் தொடரில் வையுங்கள். பேட்டரி பாசிட்டிவிலிருந்து மீட்டரின் ஒரு ஸ்டட், அடுத்த ஸ்டட்டிலிருந்து பல்ப், பல்ப்பிலிருந்து நெகட்டிவ். 6 வோல்ட்டில் 45 வாட் பல்ப் 7.5 ஆம்பியர் இழுக்கும். முள் ஏழெட்டுக்கு நகர்ந்தால் மீட்டர் நன்றாக இருக்கிறது. ஒயரை மாற்றித் தொட்டால் அதே அளவுக்கு எதிர்ப்பக்கம் போக வேண்டும். இரண்டு பக்கமும் வெவ்வேறாகக் காட்டினால் முள் வளைந்திருக்கும், அல்லது உள்ளே இருக்கும் காந்தம் நகர்ந்திருக்கும்.

இனி உங்கள் கேள்விகள். ஒன்றை மட்டும் மனதில் வைத்துக்கொண்டால் மற்றதெல்லாம் தானாக வரும். ஆம்மீட்டர் டைனமோவையும் அளப்பதில்லை, விளக்கையும் அளப்பதில்லை. பேட்டரிக்குள் எவ்வளவு போகிறது, பேட்டரியிலிருந்து எவ்வளவு வருகிறது என்பதை மட்டுமே அளக்கிறது. வாசலில் உட்கார்ந்து உள்ளே போகிறவர்களையும் வெளியே வருகிறவர்களையும் எண்ணும் காவலாளி போல. வெளியே தெருவில் யார் யாருக்கு என்ன கொடுத்தார்கள் என்பது அதற்குத் தெரியாது.

ஆகவே உங்கள் லாரியின் ஒயரிங்கில் இரண்டு பக்கங்கள்தான் உண்டு. மீட்டருக்கு இந்தப் பக்கம் பேட்டரி. அந்தப் பக்கம் டைனமோ, இக்னிஷன் சுவிட்ச், விளக்கு சுவிட்ச், பியூஸ்கள், மற்ற எல்லாம். ஒரு ஒயரைக் கையில் எடுத்தால் நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி, இது எந்தப் பக்கத்து ஒயர் என்பதுதான். நிறம் எதையும் நம்பாதீர்கள். இந்த வயது வண்டியில் நிறமெல்லாம் பழுப்புதான்.

செல்ஃப் மோட்டார் இந்தக் கணக்கில் வராது. பேட்டரியிலிருந்து தடித்த கேபிள் நேராகச் செல்ஃப் சுவிட்சுக்குப் போகிறது. மீட்டர் பக்கமே அது எட்டிப் பார்ப்பதில்லை. 6 வோல்ட் செல்ஃப் குளிர்ந்த இன்ஜினைச் சுற்றும்போது 200 ஆம்பியருக்கும் மேல் இழுக்கும். 30 ஆம்பியர் மீட்டர் அதைப் பார்த்தால் புகைதான். ஆகவே நீங்கள் மிதிக்கும்போது முள் அசையாது, அசையவும் கூடாது. ஹார்னும் பல வண்டிகளில் பேட்டரி பக்கத்திலேயே இருக்கும். அடித்தால் முள் குதிக்காமல் இருப்பதற்காக அப்படிக் கொடுத்திருப்பார்கள்.

12 வோல்ட் வண்டியின் மீட்டரா, 6 வோல்ட் வண்டியினுடையதா என்பது பொருட்டே இல்லை. அது பார்ப்பது ஆம்பியரை. வோல்ட் எவ்வளவு என்று அதற்குக் கவலை கிடையாது. அந்தப் பித்தளைப் பட்டையில் கரண்ட் ஓடும்போது சுற்றிலும் காந்தப் புலம் உண்டாகிறது. பக்கத்தில் ஒரு சின்ன நிலைக்காந்தம் இருக்கிறது. முள்ளின் அச்சில் ஒரு மெல்லிய இரும்புத் தகடு. நிலைக்காந்தம் அதை நடுவில் பிடித்து வைக்கப் பார்க்கிறது. பட்டையின் புலம் பக்கவாட்டில் திருப்பப் பார்க்கிறது. இரண்டும் சமரசமாகும் இடத்தில் முள் நிற்கிறது. மலிவான மீட்டர்களில் ஸ்பிரிங்கூடக் கிடையாது, காந்தமே ஸ்பிரிங்கின் வேலையைச் செய்கிறது. ஒரு சேதி சொல்கிறேன், பலருக்குத் தெரியாது. காந்தம் சோர்ந்துபோன பழைய மீட்டர் குறைவாகக் காட்டாது, அதிகமாகக் காட்டும். பிடித்து நிறுத்தும் கை தளர்ந்துவிட்டது அல்லவா? உங்கள் மீட்டர் 7.5 ஆம்பியருக்கு 12 என்று காட்டினால் காரணம் அதுதான்.

எந்த ஸ்டட்டில் எந்த ஒயர் என்று தெரியாவிட்டால் ஒன்றும் கெட்டுப்போகாது. தவறாகக் கொடுத்தால் முள் எதிர்ப்பக்கம் போகும், அவ்வளவுதான். மாட்டி முடித்ததும் இன்ஜினை ஓட்டாமல் ஹெட்லைட்டைப் போடுங்கள். பேட்டரியிலிருந்து கரண்ட் வெளியே போகிறது. முள் மைனஸ் பக்கம் சாய வேண்டும். பிளஸ் பக்கம் போனால் இரண்டு ஒயரையும் இடம் மாற்றுங்கள்.

இப்போது வேலை. பேட்டரியின் எர்த் கேபிளை முதலில் கழற்றுங்கள். மீட்டருக்கு வரும் ஒயரில் பழைய லாரிகளில் பியூஸ் கிடையாது. செல்ஃப் சுவிட்சின் ஸ்டட்டிலிருந்து நேரே டேஷ்போர்டுக்கு வருகிறது. கையிலிருக்கும் ஸ்பேனர் அந்த ஸ்டட்டையும் தகரத்தையும் சேர்த்துத் தொட்டால், மொத்தப் பேட்டரியும் உங்கள் ஸ்பேனர் வழியாகப் போகும்.

கருகிய போல்ட்டிலிருந்து இரண்டு ஒயரையும் பிரியுங்கள். மல்டிமீட்டரைத் தொடர்பு பார்க்கும் நிலையில் வைத்து, ஒரு முனையைச் செல்ஃப் சுவிட்சில் பேட்டரி கேபிள் வந்து சேரும் ஸ்டட்டில் வையுங்கள். எந்த ஒயருக்குச் சத்தம் வருகிறதோ அது பேட்டரி பக்கம். மற்ற ஒயர் ரெகுலேட்டரில் (டைனமோவைக் கட்டுப்படுத்தும் பெட்டி) 'பேட்', அதாவது பேட்டரி, என்று எழுதியிருக்கும் முனையோடு சத்தம் கொடுக்க வேண்டும். இரண்டு ஒயருக்கும் இரண்டு இடத்திலும் சத்தம் வந்தால், முன்னாள் உரிமையாளர் வேறெங்கோ குறுக்கே ஒரு ஒயர் இழுத்திருக்கிறார் என்று பொருள். அதைத் தேடிப் பிடிக்காமல் மேலே போகாதீர்கள். குறுக்கு வழி இருந்தால் கரண்டில் ஒரு பகுதி அதன் வழியாகப் போய்விடும், மீட்டர் குறைவாகவே காட்டும்.

கருகின பகுதியை வெட்டி எறியுங்கள். செம்பு பளபளவென்று தெரியும்வரை வெட்ட வேண்டும். உள்ளே கறுத்திருந்தால் இன்னும் ஒரு துண்டு. நீளம் போதாவிட்டால் புது ஒயர் இழுங்கள், நடுவில் முறுக்கி ஒட்ட வேண்டாம். குறைந்தது 6 சதுர மில்லிமீட்டர் ஒயர். 6 வோல்ட் வண்டி என்பதால் நான் 8 போடுவேன். 12 வோல்ட்டுக்குப் போதும் என்று 2.5 போட்டுவிடுகிறார்கள். அதில் போகவர 4 மீட்டர் தூரத்துக்கு 20 ஆம்பியர் ஓடினால் அரை வோல்ட்டுக்கு மேல் ஒயரிலேயே போய்விடும். ஆறில் அரை போனால் விளக்கு மஞ்சளாகத்தான் எரியும்.

முனைகளுக்கு வளைய லக் (ஒயர் நுனியில் மாட்டும் உலோகத் துண்டு) போட்டு இறுக்கிப் பிழிந்து, மேலே சால்டரும் வையுங்கள். திறந்த வாய் லக் வேண்டவே வேண்டாம். அது நட்டு தளர்ந்தால் கழன்று விழும்; வளைய லக் விழாது.

மீட்டரின் ஸ்டட்டில் இரண்டு நட்டு இருக்கும். உள் நட்டு பட்டையைப் பிடித்திருப்பது. வெளி நட்டுதான் உங்கள் ஒயருக்கு. வெளி நட்டை இறுக்கும்போது உள் நட்டை இன்னொரு ஸ்பேனரால் பிடித்துக்கொள்ளுங்கள். பிடிக்காவிட்டால் ஸ்டட்டே சுழன்று உள்ளே பட்டை முறுக்கிக்கொள்ளும். நல்ல மீட்டர்கள் பெரும்பாலும் வண்டியில் கெடுவதில்லை, மாட்டுகிறவன் கையில்தான் கெடுகின்றன. ஸ்டட்டைச் சுற்றி ஃபைபர் வாஷர் இருக்கிறதா என்றும் பாருங்கள். ஸ்டட்டுக்கும் மீட்டரின் உறைக்கும் இடையே தொடர்பு இருக்கவே கூடாது. மாட்டுவதற்கு முன்னால் ஒருமுறை, டேஷ்போர்டில் இறுக்கிய பின் ஒருமுறை சோதியுங்கள்.

முள்பார்ப்பவன்:

நான் கொஞ்சம் எதிர்க்கட்சி. மீட்டரை அலங்காரத்துக்கு வைத்துக்கொண்டு, அதன் ஒயர்களை முன்பு இருந்ததுபோல ஆனால் ஒழுங்காகச் சேர்த்துவிட்டு, ஒரு வோல்ட்மீட்டர் வைக்கலாமே? வண்டியின் முக்கியக் கரண்டை பியூஸ் இல்லாமல் டேஷ்போர்டு வரை கொண்டுவந்து திரும்பக் கொண்டுபோவது எனக்கு எப்போதும் உறுத்தும். கேள்வி கேட்டவரின் போல்ட்டே கருகியிருக்கிறது. அதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்? வோல்ட்மீட்டருக்கு மெல்லிய ஒயர் போதும், பியூஸ் போடலாம், உடைந்தாலும் வண்டி நிற்காது. 6 வோல்ட் வண்டியில் ஓய்ந்த நிலையில் 6.3, ஓடும்போது 7-க்கு மேல். படிப்பதும் எளிது.

கட்அவுட்:

உங்கள் பயம் நியாயமானது. ஆனால் குற்றவாளியை மாற்றிப் பிடித்திருக்கிறீர்கள். அந்தப் போல்ட் கருகியபோது அங்கே ஆம்மீட்டரே இல்லை. கருக்கியது தளர்ந்த இணைப்பு. ஒரு இணைப்பில் 0.05 ஓம் தடை உண்டானால், 20 ஆம்பியர் ஓடும்போது அந்த இடத்தில் 20 வாட் வெப்பம். ஒரு சிறிய சால்டரிங் இரும்பை டேஷ்போர்டுக்குள் இரவெல்லாம் வைத்ததற்குச் சமம். கூடவே ஒரு வோல்ட்டும் காணாமல் போகிறது. மீட்டரை எடுத்துவிட்டு ஒயரைச் சேர்த்தாலும் அதே கரண்ட் அதே இடத்துக்கு வந்துதான் போகும். நட்டு தளர்ந்தால் அதுவும் சுடும்.

பியூஸ் இல்லாத ஒயர் என்பதுதான் உண்மையான குறை. அதைச் சரி செய்யலாம். செல்ஃப் சுவிட்ச் பக்கத்திலேயே, ஸ்டட்டிலிருந்து ஒரு கை நீளத்துக்குள், பியூஸ் லிங்க் (கரண்ட் மிஞ்சினால் உருகி அறும் ஒயர்த் துண்டு) ஒன்று போடுங்கள். வழக்கமான கணக்கு, ஒயரின் கேஜைவிட நான்கு எண் மெல்லியது: 10 கேஜ் ஒயருக்கு 14 கேஜ் லிங்க். கண்ட ஒயரை வெட்டி லிங்க் என்று போடக் கூடாது. அதற்கென்று தீப்பிடிக்காத உறையோடு வருவதுதான் லிங்க். ஃபயர்வால் (இன்ஜினுக்கும் கேபினுக்கும் நடுவிலுள்ள தகரச் சுவர்) துளையில் ரப்பர் குரோமெட் (வளையம்) போடுங்கள். தகர விளிம்பு ஒயரை அறுத்ததால் எரிந்த வண்டிகளின் பழியெல்லாம் ஆம்மீட்டர்மேல் விழுந்திருக்கிறது.

வோல்ட்மீட்டரும் வையுங்கள், தாராளமாக. இரண்டும் வேறு வேறு சேதி சொல்கின்றன. ஆனால் பழைய டைனமோ வண்டியில் எனக்கு ஒன்றுதான் கிடைக்கும் என்றால் ஆம்மீட்டரைத்தான் எடுப்பேன். எந்த விளக்கு எரியவில்லை என்பதைக்கூட இருக்கையிலிருந்து இறங்காமல் முள்ளைப் பார்த்துச் சொல்லிவிடலாம்.

செம்மண்சாலை:

ஐயா, மிக்க நன்றி. எல்லாவற்றையும் நீங்கள் சொன்ன வரிசையிலேயே செய்தேன். குறுக்கு ஒயர் ஒன்று இருக்கத்தான் செய்தது. இக்னிஷன் சுவிட்சுக்குச் செல்ஃப் ஸ்டட்டிலிருந்து நேராக ஒன்று போயிருந்தது. அதை எடுத்துவிட்டு மீட்டரின் மறுபக்கத்துக்குக் கொடுத்தேன். 8 சதுர மில்லிமீட்டர் ஒயர், லிங்க், குரோமெட், எல்லாம் போட்டாயிற்று.

ஹெட்லைட்டைப் போட்டதும் முள் பிளஸ் பக்கம் போயிற்று, ஒயரை மாற்றினேன். இப்போது மைனஸில் 16 அளவில் நிற்கிறது. ஹார்ன் அடித்தால் அசையவில்லை. இன்ஜின் எடுத்ததும் முள் பிளஸ் 20-க்கு மேல் ஏறுகிறது, கொஞ்ச நேரத்தில் இறங்கி 3 அளவில் நிற்கிறது. இதுவரை மகிழ்ச்சி.

ஆனால் இரண்டு விஷயம் புரியவில்லை. ஐடிலில் ஹெட்லைட் எரியும்போது முள் மைனஸுக்கே போய்விடுகிறது. ஆக்சிலரேட்டரை மிதித்தால் திரும்பி வருகிறது. டைனமோ பலவீனமா? இரண்டாவது, ஹெட்லைட் 15 ஆம்பியர் இழுக்கிறது என்றால், ஓடும்போது விளக்கைப் போட்டாலும் முள் ஏன் பெரிதாகக் கீழே இறங்குவதில்லை?

கட்அவுட்:

இரண்டாவதிலிருந்து தொடங்குகிறேன், அது முதலாவதையும் விளக்கிவிடும்.

டைனமோவும் விளக்கும் ஒரே பக்கத்தில் இருக்கின்றன. இன்ஜின் வேகமாக ஓடும்போது டைனமோ அந்த 15 ஆம்பியரை விளக்குக்கு நேராகக் கொடுத்துவிடுகிறது. அந்தக் கரண்ட் மீட்டர் வழியாகப் போவதே இல்லை. மீதி இருப்பது மட்டும் பேட்டரிக்குப் போகிறது. முள் காட்டுவது அந்த மீதியை. ஆகவே பகலில் 3, இரவில் விளக்கோடும் 3 என்று காட்டினால், டைனமோ பகலில் கொடுத்ததைவிட இரவில் 15 ஆம்பியர் கூடுதலாகக் கொடுக்கிறது என்று பொருள். ரெகுலேட்டர் தன் வேலையைச் செய்கிறது.

ஐடிலில் டைனமோவால் கொடுக்க முடிவதில்லை. குறைந்த வேகத்தில் அதன் வோல்டேஜ் பேட்டரியைவிடக் கீழே போகும். அப்போது ரெகுலேட்டர் பெட்டிக்குள் இருக்கும் கட்அவுட் ரிலே திறந்துகொண்டு டைனமோவைப் பிரித்துவிடும். விளக்கு முழுவதும் பேட்டரியில் எரியும், முள் மைனஸுக்குப் போகும். அந்தக் காலத்து டைனமோ எல்லாமே இப்படித்தான். இரவில் வண்டியை நிறுத்தி இன்ஜினை மட்டும் ஓட விடுகிறவர்கள் காலையில் பேட்டரி போய்விட்டது என்று வருவார்கள். வண்டி ஓடினால்தான் ஏறும் என்று சொன்னால் கோபித்துக்கொள்வார்கள். உங்கள் 16 ஆம்பியரில் 15 இரண்டு ஹெட்லைட், ஒன்று பின் விளக்கும் டேஷ்போர்டு பல்ப்பும். கணக்கு அழகாக உட்காருகிறது.

எடுத்ததும் 20-க்கு மேல் ஏறி இறங்குவதும் சரிதான். செல்ஃப் தின்றதை டைனமோ திருப்பிக் கொடுக்கிறது. நீண்ட ஓட்டத்துக்குப் பிறகும் 15-லேயே நின்றால் வோல்ட்மீட்டரை எடுத்துப் பேட்டரியில் வையுங்கள். 7.5-ஐத் தாண்டினால் ரெகுலேட்டர் அதிகமாக விடுகிறது. பேட்டரியின் தண்ணீர் கொதித்து வற்றும். வோல்டேஜ் குறைவாக இருந்தும் ஆம்பியர் இறங்கவில்லை என்றால் பேட்டரியில் ஒரு செல் போய்விட்டது.

இதை மட்டும் மறக்காதீர்கள். இன்ஜினை நிறுத்தி, விளக்கையும் சாவியையும் அணைத்த பின்னும் முள் மைனஸின் கடைசியில் போய்ப் படுத்துக்கொண்டால், யோசிக்காமல் பேட்டரி எர்த்தைக் கழற்றுங்கள். கட்அவுட் காண்டாக்ட் ஒட்டிக்கொண்டிருக்கும். பேட்டரி டைனமோவை மோட்டாராகச் சுழற்றப் பார்க்கும். பெல்ட் பிடித்திருப்பதால் அது சுழலாது, சுருள்தான் எரியும். இந்தச் சேதியை வோல்ட்மீட்டர் இவ்வளவு சீக்கிரம் சொல்லாது. முள்பார்ப்பவன் கவனிக்கவும்.

டைனமோவையோ ரெகுலேட்டரையோ எப்போதாவது கழற்றினால், திரும்ப மாட்டி இன்ஜினை எடுப்பதற்கு முன் டைனமோவுக்கு முனை காட்டிவிட வேண்டும், அதாவது பிளஸ் எது, மைனஸ் எது என்பதை அதன் காந்தத்தில் பதிய வைக்க வேண்டும். உங்கள் வண்டியில் ரெகுலேட்டரின் 'பேட்' முனையையும் 'ஜென்' (டைனமோ) முனையையும் ஒரு ஒயர்த் துண்டால் ஒரு கணம் தொட்டு எடுத்தால் போதும்; சின்னப் பொறி வரும். இது உங்கள் வகை டைனமோவுக்கு மட்டும். ஃபோர்டு வகைக்கு வழி வேறு: ஃபீல்டு ஒயரை (டைனமோவின் காந்தச் சுருளுக்குப் போவது) ரெகுலேட்டரிலிருந்து கழற்றி, அதைத்தான் 'பேட்' முனையில் தொட வேண்டும். ஆல்டர்னேட்டருக்கு இது கூடவே கூடாது, டயோடு போய்விடும்.

இரட்டைச்சக்கரம்:

நடுவில் நுழைவதற்கு மன்னிக்கவும். என்னுடையது 1948 ஃபோர்டு லாரி. ஆம்மீட்டருக்குப் பின்னால் ஸ்டட்டே இல்லை! ஒரு தகர வளையம் மட்டும் இருக்கிறது. யாராவது ஸ்டட்டை உடைத்துவிட்டார்களோ? இன்னொன்று, வண்டி பாசிட்டிவ் எர்த். நெகட்டிவுக்கு மாற்றினால் மீட்டர் கெடுமா?

கட்அவுட்:

உடையவில்லை. அது வளைய வகை. ஒயரை வெட்டவும் வேண்டாம், உறையை உரிக்கவும் வேண்டாம். பேட்டரியிலிருந்து வரும் அந்தத் தடித்த ஒயரை வளையத்துக்குள் நுழைத்து மறுபுறம் எடுத்துப் போவதுதான் மொத்த ஒயரிங். ஒயரைச் சுற்றிய காந்தப் புலமே முள்ளைத் தள்ளுகிறது. முள்பார்ப்பவனின் பயத்துக்கு இதைவிட நல்ல மருந்து கிடையாது. டேஷ்போர்டில் ஒரு நட்டுகூட மின்சாரத்தைத் தொடுவதில்லை. முள் எதிர்ப்பக்கம் போனால் ஒயரை மறுபுறத்திலிருந்து நுழையுங்கள். ஒரே முறை நுழைத்தால் சரியான அளவு. இரண்டு சுற்றுச் சுற்றினால் இரட்டிப்பாகக் காட்டும்.

ஃபோர்டு 1955 வரை 6 வோல்ட் பாசிட்டிவ் எர்த்தாகவே வந்தது. 1956-இல்தான் 12 வோல்ட் நெகட்டிவ் எர்த் ஆனது. நீங்கள் எர்த்தை மாற்றினால் மீட்டர் கெடாது, திசை மட்டும் மாறும். டைனமோவுக்கு மறுபடி முனை காட்ட வேண்டும். இக்னிஷன் காயிலின் இரண்டு முனைகளையும் இடம் மாற்ற வேண்டும். ஆனால் ஏன் மாற்ற வேண்டும்? ரேடியோ வைக்கும் எண்ணம் இல்லையென்றால் இருப்பதையே விடுங்கள்.

செம்மண்சாலை:

ஐயா, கடைசியாக ஆல்டர்னேட்டர் பற்றி மட்டும். 60 ஆம்பியர் ஆல்டர்னேட்டர் போட்டு 12 வோல்ட்டுக்கு மாற்றினால் இந்த மீட்டரை வைத்துக்கொள்ளலாமா? ஆல்டர்னேட்டரின் ஒயரை நேராகச் செல்ஃப் ஸ்டட்டில் கொடுத்துவிட்டால் மீட்டருக்குச் சுமை குறையும் என்று ஒரு நண்பர் சொல்கிறார்.

கட்அவுட்:

நண்பர் சொல்வதில் பாதி சரி. சுமை குறையும். ஆனால் ஆல்டர்னேட்டரைப் பேட்டரி பக்கம் கொண்டுபோய்விட்டீர்கள். இனி மறுபக்கத்தில் செலவாளிகள் மட்டும்தான். முள் எந்நாளும் மைனஸில்தான் இருக்கும். பேட்டரி வயிறு நிறைய ஏறிக்கொண்டிருந்தாலும் மைனஸ்தான் காட்டும். அப்படி மாட்டிவிட்டு ஆல்டர்னேட்டர் வேலை செய்யவில்லை என்று இரண்டாவது ஆல்டர்னேட்டர் வாங்கினவர்களைப் பார்த்திருக்கிறேன். அந்த வழியில் போவதானால் ஆம்மீட்டரை எடுத்துவிட்டு, முள்பார்ப்பவனிடம் கேட்டு வோல்ட்மீட்டர் வையுங்கள்.

மீட்டர் உண்மை சொல்ல வேண்டும் என்றால் ஆல்டர்னேட்டரின் ஒயர் டைனமோ இருந்த பக்கத்திலேயே வர வேண்டும். அப்போது சிக்கல் ஒரே நேரத்தில்தான் வரும்: பேட்டரி முழுவதும் காலியாக இருக்கும்போது. 60 ஆம்பியரில் வண்டி எடுத்துக்கொண்டது போக மீதியெல்லாம் 30 ஆம்பியர் மீட்டர் வழியாகப் பேட்டரிக்குப் பாயும். காலிப் பேட்டரியை வெளியே சார்ஜரில் ஏற்றிவிட்டுத்தான் வண்டியில் வைப்பேன் என்று ஒழுங்காக இருந்தால் ஒன்றும் ஆகாது. இல்லையென்றால் இரண்டு ஸ்டட்டுக்கும் இணையாக ஒரு ஒயரைப் போட்டு, கரண்டில் பாதியை அதன் வழியாக அனுப்பலாம். நீளத்தையும் தடிமனையும் கூட்டிக் குறைத்து, கிளாம்ப் மீட்டர் (ஒயரைக் கவ்விக் கரண்ட் அளப்பது) 20 காட்டும்போது உங்கள் முள் 10-இல் நிற்கும்படி செய்ய வேண்டும். இனி படிக்கும் எண்ணை இரண்டால் பெருக்கிக்கொள்வது உங்கள் பொறுப்பு. ஓடும்போது மீட்டர் இணைப்பு அறுந்தால் ஆல்டர்னேட்டருக்குப் பேட்டரியின் தாங்கல் போய்விடும். வோல்டேஜ் எகிறி பல்ப்பும் போகும், டயோடும் போகலாம். நட்டில் ஸ்பிரிங் வாஷர் கட்டாயம்.

12 வோல்ட்டில் அதே 45 வாட் பல்ப் 3.75 ஆம்பியர்தான் எடுக்கும். ஆகவே விளக்கைப் போட்டால் முள் 16-க்குப் பதில் 8-இல் நிற்கும். அதைப் பார்த்து மீட்டர் கெட்டுவிட்டது என்று இங்கே வந்து எழுத வேண்டாம்.

ஆனால் உங்கள் டைனமோ 16 ஆம்பியர் விளக்கைச் சுமந்துகொண்டு பேட்டரிக்கும் 3 கொடுக்கிறது. எதற்காக அதைக் கழற்றுகிறீர்கள் என்று எனக்குப் புரியவில்லை.

செம்மண்சாலை:

இரவில் சந்தையில் நின்றுகொண்டே விளக்கு எரிய வேண்டியிருக்கும் என்றுதான் கேட்டேன். ஐடிலிலேயே நிற்க வேண்டிய வேலை.

கட்அவுட்:

அப்படியானால் அது வேறு கேள்வி. நிற்கும்போது ஹெட்லைட் எதற்கு? வேலை விளக்காக எல்.இ.டி. ஒன்று வையுங்கள், 6 வோல்ட்டில் 12 வாட் என்றால் 2 ஆம்பியர். ஐடிலைக் கொஞ்சம் ஏற்றி வையுங்கள். முள் சைபருக்கு மேலே வரும் வேகம் எதுவோ அங்கே கைத் திராட்டிலை நிறுத்துங்கள். விளக்கின் ஒயரை மீட்டரின் மறுபக்கத்தில் கொடுங்கள், பேட்டரி முனையில் நேராகக் கொடுத்துவிடாதீர்கள். கொடுத்தால் அந்த 2 ஆம்பியரையும் மீட்டர் சார்ஜ் என்று சொல்லும். 5 ஆம்பியர் பியூஸ் போடுங்கள்.